வாலிபர் ஞாயிறு: சபை கூடப் பாட மாட்டேங்குது, எங்கே சரி பண்ணணும்?

கீழத்தெரு வாலிபர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராம சபை எங்களது. அடுத்த மாசம் வாலிபர் ஞாயிறு வருது. நற்கருணை இல்லாத காலை 8 மணி ஆராதனை. பிரசங்கம் தவிர மத்ததெல்லாம் வாலிபர் ஐக்கியமே நடத்தட்டும்னு சேகர ஐயர் (எங்க போதகர்) சொல்லிட்டாங்க. பாட்டு, பாடம் வாசிப்பு, ஜெபம், ரெண்டு சாட்சி, காணிக்கை எடுக்கிறது வரைக்கும் நாங்கதான்.

கோயில் பழைய கட்டடம். உசரமான கூரை, உள்ளே எதிரொலி ஜாஸ்தி. ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு ரிதம் பேட் இருக்கு. தபேலா வாசிக்க ஒரு தம்பி இருக்கான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் கட்டடத்தில் உட்கார்ந்து பாடும்போது பிள்ளைங்க உசிரைக் கொடுத்துப் பாடுறாங்க. அதே பாட்டைக் கோயிலில் எடுத்தா முன்னால் மைக் பிடிச்ச எட்டுப் பேர் சத்தம்தான் கேட்குது, சபை கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்குது. பாமாலை (மேல்நாட்டு ராகத்தில் பாடுற பழைய ஞானப்பாட்டு) எடுத்தா முதல் கவி, அதாவது முதல் பத்தி, நல்லாப் போகும், நாலாவது கவிக்குள் இழுத்துப் படுத்துரும். கீர்த்தனைக்கு (நம்ம ராக தாளத்தில் பாடுற பாட்டு) ரிதம் போட்டா பல்லவி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். நடுவில் மைக் வேற கூவும்.

பெரியவங்க 'வாலிபர் ஞாயிறுன்னா கச்சேரி'ங்கிறாங்க. எங்க பிள்ளைங்க 'பாமாலையில் அபிஷேகம் (ஆவியானவரின் நிறைவு) வராது'ங்கிறாங்க. ரெண்டு தரப்பையும் வச்சு ஒரே ஆராதனையை நடத்தி முடிக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹார்மோனியப் பெட்டி:

தம்பி, அபிஷேகத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் கட்டையைப் பாருங்க. சபை வாயைத் திறக்காததுக்குப் பெரும்பாலும் சுருதிதான் காரணம்.

பாட்டு பழகாத சாதாரண ஜனம் மேலே 'டி' வரைக்கும் சிரமமில்லாமல் போகும். 'ஈ ஃபிளாட்' ஒரு தடவை தொட்டுட்டு வரலாம். அதுக்கு மேலே போனா ஆண்கள் ஒண்ணு கத்துவாங்க, இல்லை நிறுத்திருவாங்க. கீழே 'ஏ'க்குக் கீழே இறங்கினா சத்தம் தொண்டையோட நின்னுரும். ஒவ்வொரு பாட்டிலும் ஆக உயரமான ஸ்வரம் எதுன்னு கீபோர்டில் தேடிக் கண்டுபிடிச்சு, அது மேல் 'டி'யில் விழுற மாதிரி ஸ்கேலை இறக்குங்க. நாலு குரல் பாட்டுக்காக எழுதின பழைய ராகங்கள் பல சபைக்கு ஒரு கட்டை உசரத்தில்தான் இருக்கும். காலை 8 மணிக்குத் தொண்டை இன்னும் விழிச்சிருக்காது, அதனால் சாயங்காலக் கூட்டத்தில் பாடின ஸ்கேலை விட அரைக் கட்டை குறைச்சே வைங்க.

யூட்யூபில் கேட்டுப் பழகின பாட்டில் இன்னொரு சிக்கல். பாடினவர் சரணத்தைக் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துட்டு, திரும்ப வரும் வரியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிருவார். ஒத்தக் குரலுக்கு அது அழகு. சபைக்கு எந்த ஸ்தாயியில் நிக்கணும்னே தெரியாது. பெண்கள் சரணத்தில் காணாமல் போவாங்க, ஆண்கள் மேல் பகுதியில் காணாமல் போவாங்க. ஒரே ஸ்தாயியில் முழுசாப் பாடிருங்க.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை வச்சு இறக்கலாம். மைனஸ் 2 வச்சா ஒரு முழுக் கட்டை இறங்கும், ஜி வாசிச்சா எஃப் கேட்கும். ஆனா அடுத்த பாட்டுக்கு அதைச் சைபருக்குக் கொண்டுவர மறந்தா கிட்டாரும் கீபோர்டும் சபைக்கு முன்னால் சண்டை போடும். பல கீபோர்டுகளில் கூட்டல், கழித்தல் ரெண்டையும் சேர்த்து அமுக்கினா சைபருக்கு வந்துரும். பாட்டுத்தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே 'விரல் ஜி, ஒலி எஃப்'னு ரெண்டையும் எழுதி வச்சிருங்க. கிட்டார்காரர் ஒலியைப் பார்த்து வாசிக்கணும், கீபோர்டுக்காரர் விரலைப் பார்க்காதீங்க.

அடுத்தது இழுவை. இதுக்கு ஜனத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை, காரணம் கட்டடத்தில் இருக்கு. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் நீளக் கோயிலில் உங்க சத்தம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர கிட்டத்தட்ட 0.09 விநாடி. அவங்க பாடுறது உங்க காதுக்குத் திரும்பி வர இன்னொரு 0.09. டெம்போ 100-ல், அதாவது நிமிஷத்துக்கு 100 தாள அடின்னா, ஒரு அடிக்கு 0.6 விநாடிதான். அப்போ பின்னால் இருக்கிறவங்க உங்க காதுக்கு எப்பவும் கால் அடிக்கு மேல் பிந்தித்தான் கேட்பாங்க. 'சபை பிந்துதே'ன்னு நீங்க காத்திருந்தா, நீங்க காத்திருந்ததை அவங்க கேட்டு இன்னும் பிந்துவாங்க. கவிக்குக் கவி இது கூடிக்கிட்டே போகும். வாசிக்கிறவர் சபையைக் கேட்டு வாசிக்கக் கூடாது, தன் கால் தாளத்தைத்தான் நம்பணும். மூச்சு விடும் இடத்தை மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணி, உதாரணத்துக்கு ரெண்டாவது வரி முடிவில் ஒரு அடி நிறுத்தம்னா, எல்லாக் கவியிலும் அதே ஒரு அடி நிறுத்தம் கொடுங்க. சபை ரெண்டு கவிக்குள் பழகிரும்.

பாமாலைக்கு ஆட்டோ ரிதம் வேண்டவே வேண்டாம். ரிதம் யாருக்காகவும் மூச்சு விடாது. ஆர்கன் டோன் வச்சு, கடைசி வரியை மட்டும் முன்னிசையா வாசிச்சு, ஒரு அடி முழு மௌனம், பிறகு ஆரம்பம். அந்த மௌனத்தில் முன்னால் நிக்கிறவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி மூச்சு இழுக்கணும். சபை உள்ளே வரும் வாசல் அதுதான்.

கீர்த்தனை விஷயம் வேற. அங்கே தாளம் வேணும், ஆனா கீபோர்டுக்குள் இருக்கிற தாளம் பல சமயம் ஒத்து வராது. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கைன்னா சாதாரண நாலு அடி ரிதத்தில் உட்காரும். ரூபகத்துக்கு மூணு அடி ரிதம். சாபு தாளத்தில் இருந்தா பெரும்பாலும் பட்டனே இருக்காது, தபேலா தம்பியை நம்புங்க. அதுக்கு முன்னால் எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு ஆரம்பிக்கிற இடத்தை, கண்டுபிடிக்கணும். நிறைய கீர்த்தனை சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) ஆரம்பிக்காது, அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் முதல் எழுத்து விழும். ரிதம் பட்டனையும் பல்லவியையும் சேர்த்து ஆரம்பிச்சா, நீங்க சொன்ன 'ஒரு பக்கம் பல்லவி, ஒரு பக்கம் தாளம்' வந்தே தீரும். தாளம் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று) ஓடட்டும், கையில் எண்ணி, எடுப்பில் உள்ளே வாங்க. எடுப்பு தெரியலைன்னா பழைய கொயர் பெரியவர் யாரையாவது கை தட்டிப் பாடச் சொல்லிப் பாருங்க, பெரியவங்களையும் சேர்த்துக்கிட்ட மாதிரி ஆச்சு.

எண்ணிக்கை: ரெண்டு பாமாலை, ஒரு கீர்த்தனை, ரெண்டு கோரஸ் பாட்டு. அதில் ஒண்ணே ஒண்ணுதான் சபைக்குப் புதுசா இருக்கலாம். கோரஸ் ரெண்டையும் ஆரம்பத்தில் வச்சுக்கிட்டா பிள்ளைங்களுக்கும் உற்சாகம்.

மைக்செட்:

அண்ணாச்சி பாட்டைச் சொல்லிட்டாரு, நான் பெட்டியைச் சொல்லுதேன்.

எக்கோ நாபைச் சைபருக்குத் திருப்புங்க. முதல் வேலை அதுதான். பாளையங்கோட்டை கதீட்ரல் கட்டினது 1826, இடையன்குடிக் கோயில் 1880. அந்தக் காலத்தில் கட்டின உசரமான கோயிலெல்லாம் மைக் இல்லாத காலத்துக்குக் கட்டினது. ஒத்தக் குரல் கடைசி வரைக்கும் போகணும்னு கட்டடமே எக்கோ கொடுக்கும். அதுக்கு மேல மிக்சரிலும் எக்கோ போட்டா வார்த்தை கூழாப் போயிரும். நடுவில் நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. சத்தம் அடங்க ரெண்டு விநாடிக்கு மேல ஆச்சுன்னா வேகமான பாட்டு அந்தக் கோயிலுக்கு ஆகாது, டெம்போவைக் குறைங்க. வெறுங் கோயிலில் ஒத்திகை பார்த்துப் பயப்படாதீங்க, ஜனம் உட்கார்ந்தா உடுப்பே பாதி எதிரொலியைக் குடிச்சிரும்.

மைக் கூவுறது ஏன்னா ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போகுது. பாடுறவங்க ஸ்பீக்கருக்குப் பின்னால நிக்கணும், முன்னால நிக்கக் கூடாது. பையன்மாரு மைக் தலையை உள்ளங்கையில பொத்திப் பிடிக்கிறது ஒரு ஸ்டைலு. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுறதுக்காக அந்த வலைக்குக் கீழே துளை விட்டிருக்கான், அதை மூடினா கூவாம என்ன செய்யும்? உடம்பைப் பிடிங்க, வாயிலிருந்து ரெண்டு மூணு விரல் தள்ளி. தள்ளிப் பிடிச்சா ஆப்பரேட்டர் கெயினை (மைக் சத்தம் வாங்குற அளவை) கூட்டுவான், கூட்டினா மறுபடி கூவும்.

எட்டு மைக் எதுக்கு? ரெண்டு போதும், ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு. மத்த ஆறு பேரை மைக் இல்லாமல் சபைக்குள்ள நாலா பக்கமும் உட்கார வைங்க. பக்கத்தில் ஒருத்தர் பாடுறது காதுல விழுந்தாதான் மனுசன் வாயைத் திறப்பான். தன் சத்தம் தனக்கே கேட்காத அளவுக்கு ஸ்பீக்கர் அலறினா, நம்ம பாட்டு தேவையில்லைன்னு விட்டுருவான். சபை பாட ஆரம்பிச்சதும் பாட்டு மைக்கைக் கொஞ்சம் இறக்கணும், நிறைய பேர் ஏத்துறாங்க.

குரல் சேனல் எல்லாத்திலும் லோ கட் பட்டன் (அடிச் சத்தத்தை வெட்டுறது) இருந்தா அமுக்கி வைங்க, பீடத்துப் பலகை அதிர்றது, ஃபேன் காத்து எல்லாம் அடங்கும். கீபோர்டில் 'ம்ம்ம்'னு உறுமல் வந்தா அடாப்டரை மிக்சர் செருகியிருக்கிற அதே பலகையில் செருகிப் பாருங்க. பெரும்பாலும் அதோட போயிரும்.

உங்க ஆராதனை ஆனி ஆடிக் காத்துக்குள்ள வருதுன்னா தனிக் கவனம். நம்ம பக்கம் மேகாத்து (மேற்குக் காத்து) ஜன்னல் வழியா நேரா மைக்கில் வந்து அடிக்கும், 'பட பட'ன்னு கேட்கும். மைக் தலைக்குப் பஞ்சு உறை பத்து நிமிஷ வேலை. பாட்டுத்தாளைக் கிளிப் போட்டு வைங்க, இல்லைன்னா சாட்சி சொல்ற பிள்ளை தாளைத் துரத்திக்கிட்டு ஓடும்.

உபதேசியார் வீடு:

இரண்டு பேரும் பாட்டையும் ஒலியையும் சொல்லிவிட்டார்கள். ஆராதனை முறைமையைப் பற்றிச் சில காரியங்கள்.

'எங்களிடம் விட்டுவிட்டார்கள்' என்றால் புது முறைமை எழுதுவது என்று பொருள் அல்ல. அழைப்பு வசனம், பாமாலை, பாவ அறிக்கை, மன்னிப்பின் வசனம், துதி, சங்கீதம், பாடங்கள், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், ஜெபங்கள், காணிக்கை, முடிவு என்கிற எலும்புக்கூடு அப்படியே இருக்கட்டும். பெரியவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தால், நடுவில் இரண்டு புதுப் பாட்டு வந்தாலும் கச்சேரி என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் கிட்டாரைப் பார்த்து அல்ல, முறைமை எங்கே போனது என்று தெரியாமல்தான்.

குருப்பட்டம் பெறாதவர் நடத்தும்போது இரண்டு இடத்தில் வார்த்தை மாற வேண்டும். பாவ அறிக்கைக்குப் பின் குருவானவர் 'உங்கள் பாவங்களை மன்னித்து' என்று சொல்லும் இடத்தில் நீங்கள் 'எங்கள்', 'நம்முடைய' என்று ஜெபமாகச் சொல்ல வேண்டும், அல்லது 1 யோவான் 1:9-ஐ வாசித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். முடிவில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவது உங்கள் வேலை அல்ல. ஐயர் இருந்தால் அவர்கள் கூறுவார்கள். இல்லாவிட்டால் 2 கொரிந்தியர் 13:14-ஐ 'நம்மனைவரோடும் இருப்பதாக' என்று எல்லாருமாகச் சொல்லி முடிக்கலாம்.

பாவ அறிக்கைக்கு முன் 'சற்று நேரம் அமைதியாயிருப்போம்' என்று சொல்லிவிட்டு மூன்று விநாடியில் ஆரம்பித்து விடுகிறார்கள். நடத்துகிறவருக்கு அது நீளமாகத் தோன்றும், உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. மனதுக்குள் ஒரு கர்த்தருடைய ஜெபத்தைச் சாதாரண வேகத்தில் முழுவதும் சொல்லி முடியுங்கள், ஏறக்குறைய அரை நிமிடம் வரும். அந்த நேரத்தில் கீபோர்டு வேண்டாம்.

பாடங்களை அல்மனாக்கில் (சபை நாட்காட்டியில்) அந்த ஞாயிறுக்குக் குறித்தபடியே எடுங்கள். வாலிபர் ஞாயிறுக்குத் தனிப் பாடம் இருக்கிறதா என்று ஐயரிடம் முதலில் கேளுங்கள், பிரசங்கம் அதிலிருந்துதான் வரும். வாசிக்கிறவர் புத்தகம், அதிகாரம், வசனம் மூன்றையும் இரண்டு தடவை சொல்லி, தாள் புரளும் சத்தம் அடங்கிய பிறகே தொடங்க வேண்டும். கைபேசியில் பார்த்து வாசிக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வந்தால் திரை மாறிவிடும். நம் வேதாகமத்தின் வாக்கியங்கள் நீளமானவை. பவுலின் நிருபத்தில் ஒரு வாக்கியம் நாலைந்து வரி ஓடும், மூச்சு எங்கே விடுவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளாமல் மேடையேறினால் வினைச்சொல் வருவதற்கு முன்பே மூச்சு போய்விடும். நேபுகாத்நேச்சார், மெல்கிசேதேக்கு போன்ற பெயர்களை வீட்டிலேயே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'ழ'வும் 'ள'வும் ஒன்றுதான், 'வழியும் சத்தியமும்' என்று வரும் இடத்தில் அதையும் கவனியுங்கள்.

சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும்போது நடத்துகிறவர் தம் வசனத்தை முடித்ததும் மைக்கை விட்டு முகத்தைத் திருப்ப வேண்டும். சபையின் வசனத்தையும் மைக்கில் வாசித்தால் அது மாறி வாசிப்பு அல்ல, ஒருவர் வாசிப்பு.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்றரை மணி நேர ஆராதனை என்றால் பிரசங்கத்துக்கு 20 நிமிடம், பாட்டு எல்லாம் சேர்த்து 25, பாடங்களும் சங்கீதமும் 12, சாட்சி இரண்டும் 6, ஜெபங்கள் 8. மீதி அறிவிப்பு, காணிக்கை, எழுந்து உட்காருவதிலேயே போய்விடும். அறிவிப்பை எழுதி ஒருவரே வாசிக்கட்டும். மூன்று செயலர்கள் மூன்று முறை வந்து 'இன்னொரு விசேஷம்' என்று சொல்வதில்தான் பத்து நிமிடம் கரைகிறது.

காணிக்கைத் தட்டு எடுக்கிறவர்கள் எந்த வரிசை யாருக்கு என்று முன்னமே பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணுவதும் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திடுவதும் வழக்கமாக யார் செய்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து, இரண்டு பேருக்குக் குறையாமல், அங்கேயே முடியட்டும். வாலிபர் கையில் பை வீட்டுக்குப் போகக் கூடாது.

ஆல்ட்டோ அக்கா:

ஹார்மோனியப் பெட்டி அண்ணன் சொன்னதில் ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்து வராது. கோரஸ் ரெண்டையும் ஆரம்பத்தில் வச்சா, ரெண்டாம் மணி அடிச்ச பிறகு வர்ற ஜனம் பாட்டு நடுவில் வந்து இடம் தேடும். முன்னால் பிள்ளைங்க கண்ணை மூடிப் பாடிக்கிட்டிருக்கும், பின்னால் பெஞ்சு இழுக்கிற சத்தம். ஆரம்பத்துக்குச் சபைக்கு நல்லாத் தெரிஞ்ச பாமாலைதான் சரி, நின்னுக்கிட்டே சேர்ந்துக்குவாங்க. ஒரு கோரஸைப் பிரசங்கம் முடிஞ்சதும் வைங்க. கேட்ட வசனத்துக்குப் பதிலா அது வரும்போது அர்த்தமும் இருக்கும். இன்னொண்ணைக் காணிக்கை நேரத்தில் பாடலாம்.

'அபிஷேகம் வராது'ன்னு சொல்ற பிள்ளைங்களிடம் ஒரு கேள்வி கேளுங்க தம்பி. ஒரே வரியைப் பதினஞ்சு தடவை பாடி, விளக்கை அணைச்சு, கீபோர்டில் நீளமா ஒரு சுருதி பிடிச்சா யாருக்கும் மனசு இளகும், சினிமாவில் கூட இளகும். அது தப்புன்னு சொல்லலை. இசையை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்க. அப்பவும் ஜெபிக்க மனசு இருந்தா பாட்டு தன் வேலையைச் செஞ்சிருக்கு. உடனே எல்லாரும் அடுத்த பாட்டு எதுன்னு தாளைப் புரட்டினா ரசிச்சிருக்கோம், அவ்வளவுதான். சனிக்கிழமைக் கூடுகையிலேயே இதைப் பழக்குங்க. மூணு தடவைக்கு மேல் எந்த வரியும் திரும்ப வேண்டாம்னு ஒரு கட்டுப்பாடு வச்சாலே பாட்டு நடத்துறவர் அடுத்தது என்னன்னு யோசிச்சு வருவார்.

ஜெபம் இழுக்கிறதுக்குக் காரணம், ஒரு ஆள் எல்லாத்துக்கும் ஜெபிக்கிறதுதான். நாலு பேரை வைங்க. ஒருத்தர் திருச்சபைக்கு, ஒருத்தர் நாட்டுக்கும் அதிகாரிகளுக்கும், ஒருத்தர் ஊருக்கு, ஒருத்தர் வியாதியஸ்தருக்கும் துக்கத்தில் இருக்கிறவங்களுக்கும். ஆளுக்கு அஞ்சாறு வாக்கியம், எழுதி வாசிக்கணும். ஒவ்வொண்ணு முடிவிலும் 'கர்த்தாவே, உமது இரக்கத்தினாலே' ன்னு இவங்க சொல்ல, 'எங்கள் ஜெபத்தைக் கேளும்'னு சபை சொல்லட்டும். 'ஊருக்கு'ன்னா பொதுவா 'எங்கள் ஊரை ஆசீர்வதியும்' இல்லை. குளத்தில் தண்ணி இருக்கா, வாழை காத்தில் சாஞ்சிருக்கா, பீடி சுத்துற அக்காமாருக்கு வேலை இருக்கா, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க எத்தனை, இதைச் சொல்லி ஜெபிங்க. வியாதியஸ்தர் பேரைச் சொல்றதுக்கு முன்னால் அவங்க வீட்டில் கேட்டுக்கோங்க. வியாதி பேரைச் சொல்லவே வேண்டாம். ஜெபத்துக்குள்ளே பிரசங்கமும் வேண்டாம், 'கர்த்தாவே, சில வாலிபர் வீணாச் சுத்துறதை நீர் அறிவீர்'னு ஆண்டவருக்குச் சொல்ற மாதிரி பக்கத்து பெஞ்சுக்குச் சொல்ற பழக்கம் நம்ம பக்கம் உண்டு.

சாட்சிக்கு ஒரு பக்கம் கையெழுத்து, சுமார் மூணு நிமிஷம். என்ன நிலைமை இருந்தது, எந்த வசனம் அல்லது எந்த ஆள் மூலமா என்ன நடந்தது, இப்போ தினமும் என்ன செய்யுறாங்க. இந்த மூணாவதுதான் எல்லாரும் விடுறது. 'அதுக்கப்புறம் என் வாழ்க்கையே மாறிருச்சு'ன்னு முடிச்சா கேட்கிற பையனுக்கு ஒண்ணும் கிடைக்காது. 'காலையில் அஞ்சரைக்கு எழும்பி ஒரு அதிகாரம் வாசிக்கேன், மூணு நாள் விட்டுப்போகுது, மறுபடி ஆரம்பிக்கேன்'னு சொன்னா அவனும் ஆரம்பிப்பான். அப்பா குடிக்கிறது, அண்ணன் கடன் வாங்கினது எல்லாம் சாட்சியில் வரக் கூடாது, அவங்களும் அதே பெஞ்சில்தான் இருக்காங்க. 'ஜெபிச்சேன், மாத்திரையை நிறுத்திட்டேன்'ங்கிற வாக்கியம் இருந்தா ஐயரிடம் காட்டாமல் மேடைக்கு விடாதீங்க. கேட்கிற சர்க்கரைக்காரர் அன்னைக்கு ராத்திரியே நிறுத்துவார். தாளை வியாழக்கிழமையே வாங்கி யாராவது பெரியவங்க ஒரு தடவை படிச்சிரணும்.

பாட்டிலோ ஜெபத்திலோ ஒரு பிள்ளை அழுதா முன்னால் இழுத்துட்டு வராதீங்க, மைக்கையும் கொடுக்காதீங்க. பொண்ணுன்னா ஒரு அக்கா, பையன்னா ஒரு அண்ணன் பக்கத்தில் போய் உட்காரட்டும். பேசணும்னு சொன்னா ஆராதனை முடிஞ்சு வராந்தாவில், எல்லார் கண்ணிலும் படுற இடத்தில், ரெண்டு பேரா. கதவைச் சாத்தின வெஸ்ட்ரியில் (ஐயர் அங்கி மாத்துற அறையில்) வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்'னு வாக்கு கொடுக்காதீங்க. உயிரை விடுற மாதிரி பேச்சு வந்தா அன்னைக்கே ஐயர், ஐயரம்மா, வீட்டுப் பெரியவங்களுக்குச் சொல்லணும். டெலி மனஸ் (அரசாங்கத்தோட மனநல உதவி) 14416 எண்ணை வாலிபர் தலைவர் எல்லாரும் போனில் பதிஞ்சு வச்சிருக்கணும். ஜெபமும் பண்ணலாம், டாக்டரிடமும் போகலாம்.

கீழத்தெரு வாலிபர்:

ரொம்ப உதவி. கோரஸை அக்கா சொன்ன இடத்துக்கே மாத்துறோம், அண்ணாச்சி கோவிச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். பாட்டு வரியைப் ப்ரொஜெக்டரில் போடலாமா, தாள் அடிச்சுக் கொடுக்கலாமா? நடுவில் கரண்டு போனா என்ன செய்யுறது?

மைக்செட்:

காலை 8 மணிக்குக் கிழக்கு ஜன்னல் திறந்திருந்தா ப்ரொஜெக்டர் வெளிறிப் போயிரும். திரையை நிழல் விழுற பக்கம் வைக்க முடிஞ்சா போடுங்க. ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான், கடைசி வரியின் கடைசி ரெண்டு வார்த்தை பாடும்போதே அடுத்த பக்கத்தைத் தட்டணும். பாடி முடிச்ச பிறகு தட்டினா அடுத்த வரி முதல் வார்த்தை சபைக்குக் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் (பழைய தமிழ் ஃபான்ட்) அடிச்ச பாட்டை வேற லேப்டாப்பில் திறந்தா இங்கிலீசுக் குப்பையாத் தெரியும். யூனிகோடில் அடிங்க, அல்லது பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவாங்க. என்ன செஞ்சாலும் புதுப் பாட்டு ஒண்ணுக்கு மட்டுமாவது தாள் அடிச்சு வைங்க, பெரிய எழுத்தில்.

கரண்டுக்கு: இன்வெர்ட்டரில் மிக்சர், கீபோர்டு, ஒரு ஆம்பிளிஃபையர் மட்டும். ஃபேனையும் சேர்த்துப் போட்டா பிரசங்கம் வரைக்கும் தாங்காது. கார்ட்லெஸ் மைக்குக்குப் புது செல் அன்னைக்குக் காலையில் போடுங்க, பழசில் 'இன்னும் ஓடுது'ன்னு விடாதீங்க.

ஹார்மோனியப் பெட்டி:

கோவம் எல்லாம் இல்லை, அக்கா சொன்ன இடம் நல்ல இடம்தான். ஆனா பிரசங்கத்துக்குப் பின் வைக்கிற பாட்டு மெதுவான பாட்டா இருக்கட்டும். ரிதம் பேடைத் தொட வேண்டாம்.

கரண்டு போனா பாட்டை நிறுத்தாதீங்க. கீபோர்டு நின்னாலும் சுருதி காதில் இருக்கும், மைக்கில்லாத அந்த ஆறு பேர் சபைக்குள் இருக்கிறது அப்போதான் உதவும். அடுத்த பாட்டுக்குச் சுருதி எடுக்க ஒரு ஹார்மோனியமோ சுருதிப் பெட்டியோ பக்கத்தில் வைங்க. போனில் சுருதி ஆப் இருந்தாலும் போதும். வெறும் காதில் எடுத்தா பெரும்பாலும் ஒரு கட்டை மேலேதான் எடுப்பாங்க, பதற்றத்தில் எல்லாருக்கும் அப்படித்தான்.

ஒத்திகையைக் கோயிலுக்குள்ளேயே வைங்க, ஸ்கூல் கட்டடத்தில் வேண்டாம். பாட்டை முழுசா முழுசாப் பாடிப் பார்க்கிறதை விட ஆரம்பம், கவிக்குக் கவி மாறுற இடம், முடிவு, இந்த மூணை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்க. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு ட்ரான்ஸ்போஸ் மாத்துறதையும் சேர்த்து. யாராவது ஒருத்தர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, வார்த்தை புரியுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கோயில்குட்டியாரிடம் (கோயிலைப் பார்த்துக்கிறவர்) சாவிக்குச் சொல்லி வச்சிருங்க.